வகுப்பறை ஒழுங்கமைப்பும் கற்றலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடத்திட்டத்தைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் பேசப்படும் அளவுக்கு, மாணவர்கள் எங்கே உட்காருகிறார்கள், யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள், ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்பவற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல ஆண்டுகளாக வகுப்பெடுத்து வரும் எனக்கு இது உறுத்தலாகவே இருந்து வருகிறது. சக ஆசிரியர்களும் பெற்றோர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைத் தொகுத்து, ஆய்வுகள் சொல்வதையும் வகுப்பில் நான் கண்டதையும் வைத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வகுப்பறை ஒழுங்கமைப்பு என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

மேசை, பெஞ்சுகளைப் போடும் விதம் மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். யார் யாருக்கு அருகில் உட்காருவது என்ற தீர்மானம், நடைவழி, கரும்பலகை கண்ணில் படும் கோணம், வெளிச்சம், காற்று, சத்தம், சுவரில் ஒட்டப்படுபவை, நோட்டுகளும் கருவிகளும் வைக்கப்படும் இடம், ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும்போது வகுப்பு பின்பற்றும் நடைமுறை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றுள் கட்டடத்தைச் சார்ந்தவை ஆசிரியரின் கையில் இல்லை. மற்றவை பெரும்பாலும் அவர் கையில் இருக்கின்றன என்பதால், அவற்றைப் பற்றியே இங்கே கூடுதலாகப் பேசுகிறேன்.

இவற்றை மாற்றினால் கற்றலில் உண்மையிலேயே வேறுபாடு தெரியுமா?

தெரியும்; ஆனால் எவ்வளவு என்று சொல்வதில் நிதானம் வேண்டும். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் பாரெட்டும் அவருடைய குழுவினரும் 27 தொடக்கப் பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் அவற்றில் படித்த 3,766 குழந்தைகளையும் ஆராய்ந்து, 2015-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டில் குழந்தைகள் அடைந்த முன்னேற்றத்தில் ஒருவருக்கொருவர் காணப்பட்ட வேறுபாட்டில் ஏறத்தாழ 16 விழுக்காட்டை வகுப்பறையின் தன்மைகளைக் கொண்டு விளக்க முடிந்தது என்றும், அதில் பாதியளவு வெளிச்சம், வெப்பநிலை, காற்றின் தரம் போன்றவற்றால் வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். இதை "வகுப்பறையைச் சீர்செய்தால் மதிப்பெண் 16 விழுக்காடு கூடும்" என்று புரிந்துகொள்வது தவறு. குழந்தைகளுக்கிடையே முன்னேற்றம் ஏன் வேறுபடுகிறது என்பதற்கான காரணங்களில் அறைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே இதன் பொருள்.

இருக்கைகளின் விளைவு இன்னும் மறைமுகமானது. பெஞ்சை நகர்த்திப் போட்டதால் எந்தக் குழந்தைக்கும் பின்னம் புரிந்துவிடாது. ஆனால் யார் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள், யாருடைய குரல் யாருக்குக் கேட்கிறது, ஆசிரியரால் எத்தனை பேருடைய நோட்டை எட்டிப் பார்க்க முடிகிறது என்பவை அந்த நகர்த்தலால் மாறுகின்றன. அவற்றின் வழியாகவே கற்பித்தலும் கற்றலும் மாறுகின்றன.

வரிசையாக உட்காருவது நல்லதா, குழுவாக உட்காருவது நல்லதா?

இதுவே மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி. இதற்கு ஒரே விடை இருப்பதாக நினைப்பதுதான் சிக்கலின் தொடக்கம். வரிசை என்றால் பழமை, குழு என்றால் புதுமை என்ற எண்ணம் பயிற்சி வகுப்புகளில் பரவியிருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ரேச்சல் வன்னார்கா, கேத்தி ரூல் ஆகிய இருவரும் இருக்கை அமைப்பைப் பற்றிய எட்டு ஆய்வுகளை ஒருசேர மதிப்பிட்டு 2008-இல் எழுதிய கட்டுரையில், தனித்தனியாகச் செய்யவேண்டிய வேலைக்கு வரிசையே கைகொடுக்கிறது என்றும், எளிதில் கவனம் சிதறும் மாணவர்களுக்கு அதனால் கூடுதல் நன்மை என்றும், கலந்து பேசிச் செய்யவேண்டிய வேலைக்கு நெருங்கி உட்காரும் அமைப்பே பொருந்தும் என்றும் கண்டார்கள். அதற்கு முன்பே, 1981-இல், கெவின் வெல்டாலும் அவருடைய குழுவினரும் பதினொரு வயதுக் குழந்தைகளின் இரண்டு வகுப்புகளில் இதைச் சோதித்திருந்தார்கள். மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்த குழந்தைகளைச் சில நாட்களுக்கு வரிசைக்கு மாற்றியபோது தனிவேலையில் அவர்கள் செலுத்திய கவனம் கூடியது. பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்பியபோது அது மீண்டும் குறைந்தது.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி உட்கார்ந்திருக்க, "யாரும் பேசாமல் அவரவர் கணக்கை அவரவர் போடுங்கள்" என்று சொல்வது, பந்தியில் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டு முகம் பார்க்காதீர்கள் என்று சொல்வதைப் போன்றது. அதேபோல, முன்னால் இருப்பவரின் முதுகைத் தவிர வேறு எதுவும் தெரியாதபடி உட்காரவைத்துவிட்டு, "எல்லோரும் கலந்துரையாடுங்கள்" என்று எதிர்பார்ப்பதும் நியாயமாகாது. பல வகுப்புகளில் நான் கண்ட குறை இதுவே: உட்காரும் விதம் ஒன்றைக் கேட்கிறது, கொடுக்கப்படும் வேலை வேறொன்றைக் கேட்கிறது. அந்த முரணுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும் குழந்தை பேசினால், நாம் அதை ஒழுங்கீனம் என்று எழுதிவைக்கிறோம். ஆகவே முதலில் அன்றைய வேலை என்ன என்று பாருங்கள். அதன் பிறகு இருக்கையைத் தீர்மானியுங்கள்.

அரைவட்டமாக அல்லது லாட வடிவில் உட்காரவைப்பதால் என்ன பயன்?

மாணவர்கள் கேள்வி கேட்பதை ஊக்குவிக்கும். ஜெர்மனியில் நான்காம் வகுப்புக் குழந்தைகளிடம் நடந்து 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வரிசையில் உட்கார்ந்தபோது கேட்டதைவிட அரைவட்டத்தில் உட்கார்ந்தபோது அவர்கள் அதிகமான கேள்விகளைக் கேட்டார்கள். இந்த அமைப்புக்கு இடம் அதிகம் தேவை. எண்ணிக்கை முப்பதைத் தாண்டினால் இரண்டு அரைவட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டியிருக்கும். கதை, விவாதம், செய்முறை விளக்கம் ஆகியவற்றுக்கு இது மிகவும் ஏற்றது.

எல்லாக் கேள்விகளுக்கும் முன்வரிசை மாணவர்களே ஏன் பதில் சொல்கிறார்கள்?

ரேமண்ட் ஆடம்ஸ், புரூஸ் பிடில் என்னும் இரு ஆய்வாளர்கள் வகுப்புகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-இல் இதை விளக்கினார்கள். வகுப்பில் நடக்கும் பேச்சு வார்த்தையின் பெரும்பகுதி, முன்வரிசையையும் நடுவில் பின்னோக்கிச் செல்லும் ஒரு பட்டையையும் சேர்ந்த மாணவர்களுக்கும் ஆசிரியருக்கும் இடையில் மட்டுமே நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. ஆசிரியர் நேராகப் பார்க்கும்போது அவருடைய கண் விழும் இடம் அதுதான். ஓரங்களிலும் மூலைகளிலும் இருப்பவர்கள் வகுப்பில் இருந்தும், வகுப்பின் உரையாடலில் இல்லாமல் போகிறார்கள்.

ஆர்வமுள்ளவர்கள் முன்னால் போய் உட்காருகிறார்களா, முன்னால் உட்காருவதால் ஆர்வம் பிறக்கிறதா என்று கேட்டால், இரண்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆசிரியர் தம்முடைய பழக்கத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு இந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் வகுப்பின் இருக்கைப் படத்தை வரைந்து, சக ஆசிரியர் ஒருவரைப் பின்னால் உட்காரச் சொல்லி, ஒரு பாடவேளை முழுவதும் நீங்கள் யாரிடம் கேட்டாலும் அந்த இருக்கையில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது நாற்பது மாணவர்களில் பதினொரு பேருடைய கட்டங்களில் மட்டுமே கோடுகள் இருந்தன. எல்லோரிடமும் கேட்கிறேன் என்று அதுவரை முழுமனத்தோடு நம்பிக்கொண்டிருந்தேன்.

கேள்வி கேட்ட பிறகு காத்திருக்கும் நேரத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, பதில் சொல்ல முன்வருவோர் கூடுகிறார்கள் என்றும் மேரி பட் ரோ 1970-களில் எடுத்துக்காட்டினார். அந்த ஒரு நொடிக்குள் கை தூக்கக்கூடியவர்கள் அருகில் இருப்பவர்கள்தான்.

தொல்லை தரும் மாணவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஆசிரியரின் பார்வையும் குரலும் யாருக்கு அதிகம் தேவையோ, அவரையே அவற்றிலிருந்து தொலைவில் வைப்பது பாடத்தை விட்டு அவரை வெளியேற்றுவதற்குச் சமம். அதற்கு மேல், "உன்னைப் பற்றிய என் முடிவு இது" என்று அந்தக் குழந்தைக்கும் வகுப்புக்கும் வாய் திறக்காமலேயே சொல்லிவிடுகிறோம். சக மாணவர்கள் அந்த முடிவை மிக வேகமாகப் படித்துக்கொள்கிறார்கள். விளையாட்டில் யாரைச் சேர்ப்பது, குழுவில் யாரை ஒதுக்குவது என்பதுவரை அது போகும்.

ஒரு மாணவர் நினைவுக்கு வருகிறார். கடைசி பெஞ்சின் ஓரத்தில் இருந்த அவருடைய நோட்டில் வாக்கியங்கள் பாதியில் நிற்கும். கவனக்குறைவு என்று மாதக்கணக்கில் கண்டித்தேன். ஒரு நாள் பிற்பகல் பாடவேளையில், எழுத்து வேலை கொடுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். சன்னல் வழியாக வந்த வெயில் கரும்பலகையின் வலப்பக்கத்தில் விழுந்து கண்ணைக் கூசச் செய்தது. ஒவ்வொரு வரியிலும் கடைசி மூன்று நான்கு சொற்கள் அங்கிருந்து தெரியவே இல்லை. அவரை இரண்டு பெஞ்சு முன்னால் மாற்றினேன். மறுநாள் நோட்டில் எல்லா வாக்கியங்களும் முழுமையாக இருந்தன. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்தில், வகுப்பின் நான்கு மூலைகளிலும் காலையிலும் பிற்பகலிலும் உட்கார்ந்து பலகையைப் பார்த்துவிடுகிறேன்.

இடத்தை மாணவரே தேர்ந்தெடுக்கலாமா, ஆசிரியர் ஒதுக்க வேண்டுமா?

பெரும்பாலான நாட்களுக்கு ஆசிரியர் ஒதுக்குவதே நல்லது. தேர்வு மாணவர்களிடம் விடப்பட்டால், ஏற்கெனவே நண்பர்களாக இருப்பவர்கள் சேர்ந்து உட்காருவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்களும் எஞ்சிய இடங்களுக்குப் போவார்கள். யாரும் அருகில் வராத ஒரு குழந்தை எல்லோர் முன்னிலையிலும் தனித்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் அதைக் கவனிக்காமல் வருகைப்பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆனாலும் மாணவர்களுக்கு இதில் குரலே இருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன். மேல்வகுப்பு மாணவர்களிடம், "யாருக்கு அருகில் இருந்தால் உன் வேலை நன்றாக நடக்கும்? யாருக்கு அருகில் இருந்தால் நடக்காது?" என்று தனித்தாளில் எழுதச் சொல்லி, அதை ஆசிரியர் மட்டும் படித்துத் திட்டமிடலாம். அவர்கள் எழுதுவது பெரும்பாலும் நேர்மையாக இருக்கும். முடிவெடுக்கும் பொறுப்பு ஆசிரியருடையதாகவே இருக்கட்டும்.

அருகில் உட்காருவதால் நட்பு உருவாகுமா?

உருவாகும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. யூலியா ரோரர், தமாஸ் கெல்லர், ஃபெலிக்ஸ் எல்வர்ட் ஆகியோர் ஹங்கேரியில் 40 பள்ளிகளில், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்த 2,966 மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தி, 2021-இல் அதை வெளியிட்டார்கள். ஒரு பருவம் முழுவதற்கும் யார் யாருக்கு அருகில் என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட இருவர் ஒருவரையொருவர் நண்பர் என்று சொல்லும் வாய்ப்பு 15 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாக உயர்ந்தது. ஏற்கெனவே பல வகைகளில் ஒத்திருந்தவர்களிடையே இந்த விளைவு கூடுதலாக இருந்தது. ஒத்திராதவர்களிடையே குறைவாக இருந்தாலும் நட்பு உருவாகத்தான் செய்தது.

இந்த எண்களை நான் மிகவும் மதிக்கிறேன். அறிவுரை, உறுதிமொழி எதுவும் இல்லாமல், பக்கத்தில் உட்காரவைத்த ஒரே காரணத்தால் அதுவரை பழகாத இரண்டு குழந்தைகள் நண்பர்களாகிறார்கள் என்றால், இருக்கைப் பட்டியலை எழுதும் ஆசிரியர் கையில் எவ்வளவு பெரிய பொறுப்பு இருக்கிறது என்று எண்ணிப்பாருங்கள். வீட்டுச் சூழல், மொழி, மதிப்பெண் ஆகியவற்றால் பிரிந்து நிற்கும் குழந்தைகளை ஒரே பெஞ்சில் சேர்த்துவைக்க, பள்ளியைப் போல வாய்ப்புள்ள இடம் வேறில்லை. உயர வரிசையிலோ பெயர் வரிசையிலோ உட்காரவைத்துவிட்டு ஆண்டு முழுவதும் அதைத் தொடாமல் விடுவது அந்த வாய்ப்பை வீணாக்குவதாகும்.

ஒருவரை ஒருவர் பிடிக்காத இருவரை அருகில் உட்காரவைக்கலாமா?

சாதாரணப் பிணக்கு என்றால், கவனத்தோடு செய்யலாம். நெதர்லாந்தில் இவோன் வான் டென் பெர்க் குழுவினர் நடத்தி 2012-இல் வெளியிட்ட கள ஆய்வில், ஒருவரை ஒருவர் விரும்பாத குழந்தைகளை முன்பைவிட நெருக்கமாகச் சில வாரங்கள் உட்காரவைத்தபோது, அவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த விருப்பம் கூடியது.

என் வகுப்பில் பேச்சை முறித்துக்கொண்ட இரண்டு மாணவிகள் ஒரே பெஞ்சுக்கு வந்த முதல் நாள், பெஞ்சின் நடுவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லி நான் எதுவும் பேசவில்லை. வடிவியல் பாடத்துக்கு இருவருக்கும் சேர்த்து ஒரே தாளையும் ஒரே கவராயத்தையும் கொடுத்தேன். முதல் வாரம் கவராயம் கோட்டின் மேல் வைக்கப்பட்டு, கை படாமல் எடுக்கப்பட்டது. மூன்றாம் வாரத்தில் முழங்கைகள் உரசி உரசிக் கோடு பாதி அழிந்திருந்தது. அதை மறுபடி வரைய இருவருக்கும் தோன்றவில்லை. சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்ததுதான் இதில் முக்கியம். வேலை எதுவும் இல்லாமல் அருகருகே உட்காரவைத்தால் கோடு இன்னும் தடித்திருக்கும்.

ஒருவர் மற்றவரைத் தொடர்ந்து மிரட்டுவதும் துன்புறுத்துவதும் நடக்கிறது என்றால் இந்த வழி பொருந்தாது. அங்கே முதல் கடமை துன்பப்படும் குழந்தையைப் பாதுகாப்பது. தொலைவும் மேற்பார்வையும் தேவை.

நன்றாகப் படிப்பவர்களைத் தனிக்குழுவாகவும் பின்தங்கியவர்களைத் தனிக்குழுவாகவும் பிரிக்கலாமா?

ஒரு குறிப்பிட்ட திறனைச் சொல்லிக்கொடுப்பதற்காகச் சில நாட்கள், சிறிது நேரம் பிரிக்கலாம். வாசிக்கத் தடுமாறும் ஐந்து பேரை அழைத்துப் பதினைந்து நிமிடம் சேர்ந்து வாசிப்பதில் தவறில்லை. அந்தப் பிரிவையே நிரந்தர இருக்கையாக்கும்போது கெடுதல் தொடங்குகிறது. குழுக்களுக்கு மலர்களின் பெயரையோ கோள்களின் பெயரையோ வைத்தாலும், எது "மக்கு" குழு என்று இரண்டாம் நாளே குழந்தைகளுக்குத் தெரிந்துவிடும்.

கலந்த குழுக்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு: கெட்டிக்காரர் வேலையை முடிக்க, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பது. இதைத் தவிர்க்க எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒரு முறையை வகுத்தார்கள். வெவ்வேறு இனக் குழந்தைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு, பகையும் பதற்றமும் மிகுந்திருந்த காலம் அது. பாடத்தைத் துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார்கள். முழுப் பாடமும் தெரிய வேண்டுமானால் மற்றவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். திக்கித் திணறிப் பேசும் மாணவரைக் கேலி செய்தால் நட்டம் கேலி செய்தவருக்கே என்ற நிலை வந்தபோது, கேலி அடங்கியது. நல்லெண்ணத்தைப் போதிப்பதோடு நிற்காமல், ஒருவருக்கு ஒருவர் தேவைப்படும்படி வேலையை அமைத்ததால் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இருக்கைகளை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

நான்கு முதல் ஆறு வாரங்கள் என் அனுபவத்தில் சரியாக இருக்கின்றன. அதைவிடக் குறைந்தால் பழக்கம் உருவாவதற்குள் பிரிவு வந்துவிடும். எல்லோருக்கும் ஒரே நாளில், முன்கூட்டியே அறிவித்து மாற்றினால் யாரும் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆசிரியர் நிற்கும் இடத்துக்கும் ஒழுங்குக்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. வகுப்புகளின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்த ஜேக்கப் கூனின் 1970-இல் சொன்னது பல ஆசிரியர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. அமைதியாக நடக்கும் வகுப்புக்கும் குழப்பமான வகுப்புக்கும் இடையிலான வேறுபாடு, தவறு நடந்த பிறகு ஆசிரியர் கண்டிக்கும் முறையில் இல்லை என்று அவர் கண்டார். வகுப்பில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பது ஆசிரியருக்குத் தெரிகிறது என்று மாணவர்கள் உணர்வதும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கல் இல்லாமல் வகுப்பு நகர்வதும்தான் வேறுபாட்டை உண்டாக்கின.

எந்த இருக்கையையும் சில அடிகளில் எட்டும்படி நடைவழி இருந்தால், சத்தம் போடாமலேயே சலசலப்பை அடக்கலாம். பக்கத்தில் போய் நின்றாலே பெரும்பாலும் போதும். நடந்துகொண்டே பாடம் நடத்தும் ஆசிரியருக்கு வேறொரு நன்மையும் உண்டு. தவறாகப் போட்ட கணக்கைத் தேர்வுத்தாளில் பார்ப்பதற்குப் பதிலாக, அது பிறக்கும் இடத்திலேயே பார்த்துவிடுகிறார். பெரிய மேசைக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தபடியே நடத்தும் பாடத்தில் இது நடக்காது. முடிந்தால் அந்த மேசையை ஓரமாகவோ பின்பக்கமாகவோ தள்ளிப் போடுங்கள்.

சுவரில் நிறையப் படங்களும் அட்டைகளும் ஒட்டுவது நல்லதுதானே?

அளவோடு இருந்தால் நல்லது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்னா ஃபிஷரும் அவருடைய குழுவினரும் மழலையர் வகுப்புக் குழந்தைகள் 24 பேருக்கு ஒரே ஆசிரியரைக் கொண்டு, அலங்காரம் நிறைந்த அறையிலும் அலங்காரம் நீக்கிய அறையிலும் அறிவியல் பாடங்களை நடத்தி, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். அலங்காரம் நிறைந்த அறையில் குழந்தைகள் கவனம் சிதறியிருந்த நேரம் 38.6 விழுக்காடு, வெறுமையான அறையில் 28.4 விழுக்காடு. பாடத்திலிருந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியாக விடையளித்தது முறையே 42 விழுக்காடும் 55 விழுக்காடும்.

சுவர்கள் மொட்டையாக இருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கரும்பலகை இருக்கும் சுவரை வெறுமையாக விடுங்கள். மற்றச் சுவர்களில் இப்போது நடக்கும் பாடத்துக்கு உதவும் படங்களும் குழந்தைகளே செய்தவையும் இருக்கட்டும். போன ஆண்டின் அட்டை இன்னும் தொங்கினால் கழற்றிவிடுங்கள். மாட்டும்போது பெரியவர்களின் கண்மட்டத்தைப் பார்க்காமல், குழந்தைகளின் கண்மட்டத்தில் மாட்டுங்கள்.

சத்தத்தையும் வெளிச்சத்தையும் ஆசிரியரால் என்ன செய்ய முடியும்?

வகுப்பறையில் பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. எதிரொலிக்கும் அறையில் சொற்களின் முடிவெழுத்துகள் மங்கிப்போகும். பாடம் நடக்கும் மொழி வீட்டுமொழியாக இல்லாத குழந்தைக்கு அந்த இழப்பு மிகவும் பெரியது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி போடுவதும், சத்தம் வரும் பக்கத்துக் கதவைப் பேசும்போது சாத்துவதும், துணித்திரை கட்டுவதும் ஓரளவு உதவும். வெளிச்சம் முடிந்தவரை பக்கவாட்டிலிருந்து வரட்டும். சன்னலுக்கு முன்னால் ஆசிரியர் நின்றால் அவருடைய முகம் இருட்டாகிவிடும். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு அது பாடத்தையே மறைத்துவிடும்.

பொருட்களை ஒழுங்காக வைப்பதற்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நோட்டு தேடுவது, தாள் கொடுப்பது, இடம் மாறுவது ஆகியவற்றில் ஒரு பாடவேளைக்கு ஐந்து நிமிடம் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஆறு பாடவேளை, ஆண்டுக்கு 200 நாள் என்றால், மொத்தம் 100 மணி நேரம். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், குழந்தையே தூக்கி நகர்த்தக்கூடிய சிறிய மேசை நாற்காலிகளையும், குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரிகளையும் வைத்தார். தனக்கு வேண்டியதைத் தானே எடுத்து, திரும்ப அதே இடத்தில் வைக்கும் குழந்தை ஆசிரியரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதில்லை.

பெஞ்சுகள் நகராத, நெரிசலான வகுப்பில் என்ன செய்வது?

மனச்சோர்வோடு கேட்கப்படும் கேள்வி இது. எண்ணிக்கையே ஒரு தடை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் 1989 வரை நடந்த பெரும் சோதனையில், 13 முதல் 17 பேர் கொண்ட வகுப்புகளில் இருந்த சிறு குழந்தைகள், 22 முதல் 25 பேர் கொண்ட வகுப்புகளில் இருந்தவர்களைவிட நன்றாகக் கற்றார்கள். அறுபது பேர் அடைந்திருக்கும் வகுப்பின் குறையை இருக்கை மாற்றத்தால் மட்டும் தீர்த்துவிடலாம் என்று சொல்வது அந்த ஆசிரியருக்குச் செய்யும் அநீதி.

இருந்தாலும், பெஞ்சு நகராவிட்டாலும் மனிதர்கள் நகரலாம். ஒற்றைப்படை வரிசையில் இருப்பவர்கள் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் நான்கு அல்லது ஆறு பேர் கொண்ட குழு உடனே தயார். வாரம் ஒருமுறை எல்லோரும் ஒரு பெஞ்சு பின்னால் நகர, கடைசி பெஞ்சு முன்னால் வரலாம்; இப்படிச் செய்தால் கடைசி பெஞ்சு யாருக்கும் சொந்தமாகாது. ஆசிரியரும் சில நாட்கள் பின்பக்கத்திலிருந்து பாடம் சொல்லலாம். ஒரு வரிசைக்கு ஒருவர் என நோட்டுகளை முன்னுக்குக் கடத்தும் பழக்கம் இருந்தால் நடைவழி அடைபடாது.

சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளை எங்கே உட்காரவைப்பது?

பார்வைக் குறைவு உள்ளவர்கள் பலகைக்கு அருகில், கூச்சம் இல்லாத வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கேட்கும் திறன் குறைந்தவர்கள் நன்றாகக் கேட்கும் காது வகுப்பை நோக்கியிருக்கும்படி, ஆசிரியரின் முகம் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு வாசலோரம் ஒரு தனி இடம் ஒதுக்குவதோடு நிறுத்திவிடாமல், அவரும் குழுவுக்குள் வந்துபோக வழி செய்யுங்கள். இடக்கையால் எழுதுபவர்களைப் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவையுங்கள். முழங்கை இடிக்கிறது என்று நாள்தோறும் நடக்கும் சச்சரவு அன்றோடு நின்றுவிடும்.

செய்த மாற்றம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று வாரம் விடுங்கள். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அதே இருக்கைப் படத்தில் கோடுகளைப் போட்டுப் பாருங்கள்: பதில் சொன்னவர்கள் எத்தனை பேர், தாமாகக் கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர், வேலையைத் தொடங்க எத்தனை நிமிடம் ஆனது. அதன் பிறகு குழந்தைகளிடம் பெயர் எழுதாத துண்டுத்தாளில் மூன்று கேள்விகளுக்கு விடை வாங்குங்கள். உன் இடத்திலிருந்து பலகை முழுவதும் தெரிகிறதா? இந்த வாரம் யாரிடம் சந்தேகம் கேட்டாய்? யாரோடு இன்னும் பேசவே இல்லை? மூன்றாம் கேள்விக்கான விடைகளை நிதானமாகப் படியுங்கள். அடுத்த இருக்கைப் பட்டியலை அவற்றை வைத்தே எழுதத் தொடங்கலாம்.